சேஃப்டி பின் எங்கே போச்சு? - கிட்டப்பார்வைச் சிறுமி கண்ட குட்டி மனிதர்கள்

வீட்டில் ஒரு அட்டை நிறைய சேஃப்டி பின் வாங்கி வைக்கிறோம். ஒரு மாதம் கழித்து அவசரத்துக்குத் தேடினால் ஒன்றுகூடச் சிக்காது. யாரும் தூக்கிப் போடவில்லை, யாரும் விழுங்கவில்லை. அப்புறம் எங்கே போச்சு? எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அம்மா என்னைத்தான் முறைப்பார்.

இங்கிலாந்தில் ஒரு பெண்மணி இந்தக் கேள்விக்கு ஒரு முழு நாவலையே பதிலாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் சொல்லும் பதில் இதுதான். நம் வீட்டுத் தரைப் பலகைக்கு அடியில் ஒரு குடும்பம் குடியிருக்கிறது. அப்பா, அம்மா, ஒரு பெண். ஒரு சாண் உயரம்கூட இல்லாத மனிதர்கள். நாம் தொலைத்த ஊசி, நூல்கண்டு, தபால்தலை, தீப்பெட்டி எல்லாம் அவர்களிடம் பத்திரமாக இருக்கின்றன. அவர்களைத் திருடர்கள் என்று சொன்னால் கோபம் வந்துவிடும். அவர்கள் இரவல் வாங்குகிறவர்கள். என்ன, திருப்பித் தருவதில்லை, அவ்வளவுதான்!

நாவலின் பெயர் 'தி பாரோவர்ஸ்'. வெளிவந்த ஆண்டு 1952. எழுதியவர் மேரி நார்ட்டன். சின்ன வயதில் படித்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட, 70 வருடங்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும் புத்தகம். குட்டி மனிதர்கள் என்றதும் ஏதோ தேவதைக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. வீடு போய்விடுமோ என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள, மேரியின் வாழ்க்கைக்குள் கொஞ்சம் போய் வர வேண்டும்.

பருந்து தெரியாத கண்

1903 டிசம்பர் 10-ம் தேதி லண்டனில் பிறந்தார் மேரி. முழுப் பெயர் கேத்லீன் மேரி பியர்சன். அப்பா டாக்டர். குடும்பம் பெட்ஃபோர்ட்ஷயரில் உள்ள லெய்ட்டன் பஸ்ஸர்ட் என்ற சிறிய ஊரில் 'தி சீடர்ஸ்' என்ற பெரிய பழைய வீட்டில் வசித்தது. நான்கு சகோதரர்கள், நடுவில் ஒரே பெண்பிள்ளை. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு சிறுமியின் பொழுது எப்படிப் போகும்? அண்ணன் தம்பிகள் எங்கே ஓடுகிறார்களோ, அங்கே பின்னாலேயே ஓட வேண்டியதுதான்.

வயல்வெளியில் நடக்கும்போது பையன்கள் தூரத்துக் குன்றைக் காட்டுவார்கள். வானத்தில் வட்டமிடும் பருந்தைக் காட்டுவார்கள். மேரிக்கு அங்கே எதுவுமே தெரியாது. வெறும் மங்கல். அவளுக்குக் கடுமையான கிட்டப்பார்வை. ஆனால், அது அவளுக்கும் தெரியாது, வீட்டில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள்போல.

தூரத்தில் தெரியாதது பக்கத்தில் தெரிந்தது. வேலி ஓரம், மரத்தின் வேர், பாசி, புல்லின் தண்டு. முகத்தை அருகில் கொண்டுபோனால் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. பையன்கள் முன்னால் போய்விட, இவள் மட்டும் வேலியோரம் குனிந்து நின்றுகொண்டிருப்பாள். அந்தப் புல்லுக்குள் ஒரு குட்டி மனிதன் நடந்து போனால் எப்படி இருக்கும்? நமக்குக் கணுக்கால் உயரப் புல் அவனுக்குக் காடு. மழைத் துளி அவனுக்குத் தலையில் விழும் ஒரு குடம் தண்ணீர். அண்ணன்கள் ரசித்துப் பார்க்கும் அந்தப் பருந்து இருக்கிறதே, அது அவனுக்கு எமன். கண்ணாடி வாங்கிக் கொடுக்க வேண்டிய குறை ஒன்று, யாரும் கவனிக்காததால், அவளுக்குள் ஒரு தனி உலகத்தை வளர்த்துவிட்டது.

பின்னர் பார்வைக் குறை கண்டுபிடிக்கப்பட்டு, கண்ணாடி வந்தது. குன்றும் பருந்தும் தெரிய ஆரம்பித்தன. புல்லுக்குள் நடந்த குட்டி மனிதர்களை அவர் மறந்தே போனார், பல வருடங்களுக்கு!

மேடையில் இருந்து போர்ச்சுகலுக்கு

கான்வென்ட் படிப்பு முடிந்ததும் மேரிக்கு நடிப்பு ஆசை வந்தது. 1925-26 காலத்தில் லண்டனின் புகழ்பெற்ற 'ஓல்ட் விக்' நாடகக் குழுவில் சேர்ந்தார். அப்போது அதை நடத்திக்கொண்டிருந்தவர் லிலியன் பேலிஸ். பெரிய வேடங்கள் எல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனாலும், அந்த நாள்களைப் பற்றிப் பிற்காலத்தில் மிகுந்த பிரியத்துடன் நினைவுகூர்ந்தார்.

பிறகு, கல்யாணம். கணவர் ராபர்ட் நார்ட்டன், கப்பல் தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. போர்ச்சுகலில் பண்ணை வீடு. இரண்டு ஆண், இரண்டு பெண் என நான்கு குழந்தைகள். வெயிலும் தோட்டமும் வேலையாட்களுமாக வசதியான வாழ்க்கை. அந்த வீட்டிலேயே கடைசிவரை இருந்திருந்தால் மேரி எழுத்தாளர் ஆகியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

உலகப் பொருளாதாரம் சரிந்தபோது நார்ட்டன் குடும்பத்தின் கப்பல் தொழிலும் சரிந்தது. அது நிமிரும் முன்பே இரண்டாம் உலகப்போர் வந்தது. கணவர் கடற்படைக்குப் போனார். மேரி முதலில் போர் அமைச்சகத்தில் வேலை பார்த்தார். பிறகு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நியூயார்க்குக்குப் போய், போருக்குத் தேவையான கொள்முதலைக் கவனித்த பிரிட்டிஷ் அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். தெரியாத ஊர், நான்கு பிள்ளைகள், ஒரு சம்பளம். கணக்குப் போட்டால் மாதக் கடைசி எப்படி இருந்திருக்கும் என்று நமக்கே புரியும். ராத்திரி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். கதை, கட்டுரை, மொழிபெயர்ப்பு... எது காசு தருமோ அது.

அப்படி எழுதியதில் ஒன்றுதான் 1943-ல் நியூயார்க்கில் வெளிவந்த 'தி மேஜிக் பெட்-நாப்'. துடைப்பத்தில் பறக்கப் பழகும் ஒரு கிராமத்துப் பெண்மணி, பறக்கும்போது தவறி விழுந்து காலைச் சுளுக்கிக்கொள்வார். சூனியக்காரிக்கே சுளுக்கு! இந்தக் கதையும் இதன் இரண்டாம் பாகமும் சேர்ந்துதான் 1971-ல் டிஸ்னியின் 'பெட்நாப்ஸ் அண்ட் புரூம்ஸ்டிக்ஸ்' படமானது. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்காக ஆஸ்கரும் வாங்கியது.

1943-ல் லண்டன் திரும்பினார். மறுபடியும் மேடை ஏறினார். குண்டு விழுந்துகொண்டிருந்த நகரம் அது. ஒரு குண்டுவெடிப்பில் கண்ணில் காயம்பட்டு, கொஞ்ச காலம் பார்வையே இல்லாமல் போனது. அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான் திரும்பக் கிடைத்தது. சின்ன வயதில் தூரம் தெரியாமல் இருந்தவர், நாற்பது வயதை ஒட்டி எதுவுமே தெரியாமல் படுக்கையில் கிடந்திருக்கிறார்.

புல்லுக்குள் நடந்த குட்டி மனிதர்கள் எப்போது திரும்பி வந்தார்கள் என்பதைப் பிற்காலத்தில் எழுதிய ஒரு கடிதத்தில் மேரி சொல்லியிருக்கிறார். போர் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். ஒளிந்து, பதுங்கி, கண்ணில் படாமல் வாழ வேண்டிய நிலைக்கு நிஜ மனிதர்களே தள்ளப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை விளையாட்டாகக் கற்பனை செய்த வாழ்க்கையை உயிர்பிழைப்பதற்காக மனிதர்கள் வாழ நேர்ந்ததைப் பார்த்தபோதுதான் அந்தக் குட்டி மனிதர்களின் நினைவு அவருக்கு வந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு 'தி பாரோவர்ஸ்' நாவலை வெறும் குழந்தைக் கதையாக என்னால் படிக்க முடியவில்லை.

கடிகாரத்துக்குக் கீழே ஒரு வீடு

ஒரு பழைய பெரிய வீடு. அதன் கூடத்தில் ஆளுயரக் கடிகாரம். அதற்கு அடியில் உள்ள பொந்துதான் பாட், ஹோமிலி, அவர்கள் மகள் அரியட்டி வசிக்கும் வீட்டுக்கு வாசல். கடிகாரத்துக்குக் கீழே குடியிருப்பதால் குடும்பப் பெயரே 'கிளாக்'.

உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமே! தரையில் சிவப்பு மை ஒற்றும் தாள்தான் கம்பளம். சுவரில் மாட்டியிருக்கும் மகாராணி படங்கள் எல்லாம் தபால்தலைகள். தீப்பெட்டிகளை அடுக்கினால் இழுப்பறை அலமாரி. சதுரங்கக் குதிரை ஒன்று சிலையாக நிற்கும். அரியட்டியின் அறை சுருட்டுப் பெட்டியால் ஆனது, படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் பெட்டி மூடியில் அச்சடித்த அழகிகள் தெரிவார்கள். 1952 இங்கிலாந்தில் போர் முடிந்து ஏழு வருடமாகியும் ரேஷன் போகவில்லை. ஒட்டுப்போட்டு, தைத்து, எதையும் வீணாக்காமல் வாழ்ந்துகொண்டிருந்த குடும்பங்களின் கையில் இந்தப் புத்தகம் கிடைத்தது. ஹோமிலியின் சிக்கனம் அந்த அம்மாக்களுக்கு அந்நியமாகத் தெரிந்திருக்காது.

பாரோவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். மனிதர்கள் கண்ணில் படக் கூடாது. பட்டுவிட்டால் அந்த வீட்டில் இனி வாழ முடியாது, மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒருநாள் பாட் பொம்மைக் கோப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு திரைச்சீலை வழியாக இறங்கும்போது, படுக்கையில் படுத்திருக்கும் ஒரு சிறுவன் பார்த்துவிடுகிறான். கத்தவில்லை. கோப்பையை வாங்கிப் பிடித்துக்கொண்டு, இறங்கியதும் திருப்பிக் கொடுக்கிறான். எத்தனை முறை படித்தாலும் எனக்குப் பிடித்த காட்சி இது. ஆனால், பாட் வீட்டுக்கு நடுங்கிக்கொண்டே வருகிறான். உதவி செய்தவனாக இருந்தாலும் பார்த்துவிட்டான் இல்லையா?

இந்தச் சிறுவன் இந்தியாவில் வளர்ந்தவன். காய்ச்சலில் விழுந்து, உடம்பு தேறுவதற்காக லெய்ட்டன் பஸ்ஸர்ட் அருகே உள்ள பாட்டி முறை உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கிறான். ஆமாம், மேரி வளர்ந்த அதே ஊர்தான். இரண்டு மொழிகளோடு வளர்ந்ததால் அவனுக்கு ஆங்கிலம் சரளமாகப் படிக்க வராது. குட்டிப் புத்தகங்களில் படிக்கக் கற்றுக்கொண்ட அரியட்டி அவனுக்குப் படித்துக் காட்டுகிறாள். தன்னைவிடப் பல மடங்கு பெரிய பக்கங்களின் மேல் நடந்து நடந்து ஒரு சிறுமி வாசிப்பதை நினைத்துப் பாருங்கள்!

நடுவில் இருவருக்கும் ஒரு வாக்குவாதம் வரும். மனிதர்கள் கொஞ்சம் பேர்தான், பாரோவர்களுக்கு உதவுவதற்காகவே படைக்கப்பட்டவர்கள் என்பது அரியட்டியின் நம்பிக்கை. சிறுவன் சிரிக்கிறான். உலகத்தில் மனிதர்கள் எவ்வளவு பேர் தெரியுமா என்று கேட்கிறான். உங்கள் இனம்தான் குறைந்துகொண்டே போகிறது, ஒருநாள் நீ மட்டும்தான் மிச்சம் இருப்பாய் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறான். குழந்தைகள் புத்தகத்தில் இப்படி ஒரு இடம் வருவதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

நீங்கள் அரியட்டி கட்சியா, ஹோமிலி கட்சியா?

கல்லூரிக் காலத்தில் முதன்முதலில் இந்தக் கதை எனக்கு அறிமுகமானபோது நான் முழுக்க அரியட்டி கட்சி. வெளியே போகக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது என்று பொத்திப் பொத்தி வளர்த்தால் எந்தப் பெண்தான் சும்மா இருப்பாள்? அவள் கம்பி வழியே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. ஹோமிலி எனக்கு ஒரு தொணதொணப்பு அம்மா, அவ்வளவே.

போன வருடம் அம்மாவிடம் கதையைச் சொன்னேன். அவர் அரியட்டியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. அவ்வளவு தண்ணீரையும் கொதிக்கவைத்து, வீட்டையும் துடைத்து, வெளியே போன புருஷன் திரும்பி வருவானா என்று தினமும் காத்துக்கொண்டிருந்த அந்த ஹோமிலி பாவம் என்றார். மறுபடி படித்துப் பார்த்தேன். ஹோமிலியின் பயம் காரணம் இல்லாத பயம் இல்லை. அவளுடைய சொந்தக்காரப் பெண் எக்லட்டினா ஒருநாள் வெளியே போனவள் திரும்பி வரவே இல்லை. அந்த வீட்டுக்குப் பூனை வந்திருந்த சமயம் அது.

ஹோமிலியிடம் குறையும் இருக்கிறது. சிறுவன் பொம்மை வீட்டிலிருந்து நாற்காலி, மேஜை, அலங்காரப் பொருள் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து தர ஆரம்பித்ததும் அவளுக்குப் போதும் என்றே சொல்லத் தெரியவில்லை. இன்னும், இன்னும்! பொருள்கள் காணாமல்போவதைச் சமையல்காரி கவனித்துவிடுகிறாள். பலகை பெயர்க்கப்படுகிறது. எலி பிடிப்பவன் புகை போட வருகிறான். சிறுவன் வெளிச்சுவரில் இருக்கும் கம்பியை உடைத்து வழி செய்து தருகிறான். அதற்குள் அவனை வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். மூவரும் தப்பித்தார்களா, இல்லையா என்பது அவனுக்குத் தெரியாது. பிறகு ராணுவ அதிகாரியாகி, இந்தியாவின் வடமேற்கு எல்லையில் இளம் வயதிலேயே இறந்துபோகிறான்.

இதை நமக்குச் சொல்வது அவனுடைய அக்கா, இப்போது வயதான மிஸஸ் மே. கேட்டுக்கொண்டிருப்பவள் கேட் என்ற சிறுமி. கடைசிப் பக்கத்தில் மிஸஸ் மே ஒரு குண்டைத் தூக்கிப் போடுகிறார். அரியட்டி எழுதியதாகக் கிடைத்த குட்டி நோட்டில் ஓர் எழுத்தின் வளைவு அப்படியே தன் தம்பியின் கையெழுத்தைப்போல இருந்தது என்கிறார். அப்படியானால் எல்லாம் அவன் கட்டிவிட்ட கதையா? புத்தகம் அங்கேயே முடிந்துவிடுகிறது. இந்தப் புத்தகத்துக்குத்தான் 1952-ம் ஆண்டுக்கான கார்னெகி பதக்கம் கிடைத்தது. பிரிட்டனில் குழந்தை இலக்கியத்துக்கான மிகப் பெரிய கௌரவம் அது.

21 வருடக் காத்திருப்பு

வீடு போன குடும்பம் எங்கே போகும்? 1955, 1959, 1961 என்று அடுத்தடுத்து மூன்று நாவல்கள். ஒன்றில் வயலில் கிடந்த பழைய பூட்ஸுக்குள் குடித்தனம். இன்னொன்றில் கெட்டிலுக்குள் உட்கார்ந்து ஆற்றில் மிதக்கிறார்கள். மூன்றாவதில் ஒரு பேராசைக்காரத் தம்பதி அவர்களைப் பிடித்துக் காட்சிப் பொருளாக்கப் பார்க்க, மாடி அறையில் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பொம்மை பலூனில் கூடை கட்டிப் பறந்து தப்பிக்கிறார்கள். கப்பல் தொழிலோடு போர்ச்சுகல் வாழ்க்கையும் போய், லண்டன், நியூயார்க், மறுபடி லண்டன் என்று பிள்ளைகளோடு ஜாகை மாற்றிக்கொண்டே இருந்தவர் எழுதிய கதை என்று தெரிந்து படித்தால், ஹோமிலி ஒவ்வொரு புது இடத்திலும் முதல் வேலையாக அடுப்பு எங்கே வைக்கலாம் என்று பார்ப்பது வேறு மாதிரி புரிகிறது.

1961 நாவலின் முடிவில் நல்ல வீடு கிடைத்தும் அங்கிருந்து கிளம்ப வேண்டும் என்று பாட் சொல்லிவிடுவான். எங்கே போனார்கள்? பதில் வர 21 வருடமாயிற்று. 1982-ல் 'தி பாரோவர்ஸ் அவெஞ்சுட்' வெளிவந்தபோது மேரிக்கு 78 வயது. பத்து வயதில் பாதியில் விட்ட குழந்தைகள் முப்பதைத் தாண்டியிருந்தார்கள். நிறைய பேர் மிச்சக் கதையைத் தங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்போதுதான் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

இதுகூடக் கதைக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாவது நாவலைத் தொடங்கும்போதே, சிறுமி கேட் வளர்ந்து பெரியவளாகி, இந்தக் கதை முழுவதையும் தன் பிள்ளைகளுக்காக எழுதி வைத்தாள் என்று மேரி சொல்லிவிடுகிறார். கேட்டுக்கு எத்தனை பிள்ளைகள் தெரியுமா? நான்கு.

ஜப்பானில் ஓர் அரியட்டி

1970-ல் லயனல் பான்ஸி என்பவரை இரண்டாவதாகத் திருமணம் செய்துகொண்டார் மேரி. கடைசி வருடங்கள் டெவன் பகுதியில் கழிந்தன. 1992 ஆகஸ்ட் 29-ம் தேதி ஹார்ட்லண்ட் என்ற ஊரில் 88 வயதில் காலமானார். அதே வருடம் நவம்பரில் இயான் ஹோம், பெனலபி வில்டன் நடித்த 'தி பாரோவர்ஸ்' தொடரை பிபிசி ஒளிபரப்பியது. இரண்டரை மாதம் தள்ளிப் போயிருந்தால் அதை அவரும் பார்த்திருக்கலாம்.

அதற்குப் பிறகு வந்த சினிமாக்களில் என் ஓட்டு ஜப்பானுக்குத்தான். ஹயாவோ மியாசாகிக்கு இந்தக் கதையைப் படமாக்கும் ஆசை சுமார் 40 வருடங்களாக இருந்தது. கடைசியில் அவர் திரைக்கதையில் பங்கேற்க, ஹிரோமாசா யோனேபயாஷி இயக்க, ஸ்டூடியோ ஜிப்லியின் 'அரியட்டி' 2010-ல் வெளிவந்தது. கதை டோக்கியோவுக்கு இடம் மாறிவிட்டது. ஆனால், ராத்திரியில் அப்பாவோடு முதன்முறையாக இரவல் வாங்கக் கிளம்பும் அரியட்டி, தரையில் கிடக்கும் குண்டூசியை எடுத்து வாள்போல இடுப்பில் செருகிக்கொள்ளும் காட்சியைப் பாருங்கள். கோப்பையில் ஊற்றும் தேநீர்கூட அவர்கள் அளவுக்குப் பெரிய சொட்டாக விழும். முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தால் மட்டுமே தெரியும் விஷயங்கள். எனக்கு இந்தக் கதை அறிமுகமானது இந்தப் படம் வழியாகத்தான். என் அக்கா மகளுக்கு இப்போது ஏழு வயது. போன மாதம் போட்டுக் காட்டினேன். அவள் அரியட்டி கட்சி என்று சொல்லவும் வேண்டுமா?

மேரி வளர்ந்த 'தி சீடர்ஸ்' வீடு லெய்ட்டன் பஸ்ஸர்டில் இப்போதும் நிற்கிறது. அங்கே ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. பிள்ளைகள் ஓடியாடும் இடம். பென்சில் துண்டு, அழிரப்பர், சட்டைப் பொத்தான் என்று அங்கே தினமும் ஏதாவது ஒன்று தொலையத்தான் செய்யும்.